பிரெனர் கணவாய்க்குத் தெற்கே ஒரு வகுப்பறை

ரோசன்ஹைமைத் தாண்டியதும் ரயில் இன் ஆற்றைப் பிடித்துக்கொள்கிறது. இன்ஸ்ப்ரூக் வரை ஆற்றின் துணை, அதற்கப்பால் ஏற்றம். பிரெனர் கணவாய் ஏறக்குறைய 1,370 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆல்ப்ஸைக் கடக்கும் முக்கியக் கணவாய்களில் தாழ்வானது என்பதால் ரோமானியர் காலந்தொட்டே வடக்கும் தெற்கும் இவ்வழியாகத்தான் கைகோத்திருக்கின்றன. 1867இல் திறந்த இருப்புப்பாதை உச்சியில் மலையைக் குடையாமல் கணவாயின் மேலேயே ஏறி இறங்குகிறது. மறுபக்கம் இத்தாலி. ஆனால் சரிவான கூரைகளும் ஊசிக் கோபுரங்களும் ஆஸ்திரியாவின் தொடர்ச்சியாகவே கண்ணில் படுகின்றன; முதல் உலகப் போருக்குப் பின் கைமாறிய தென் திரோல் இது. ஐசாக் ஆற்றோடு இறங்கி, ஃப்ரான்சென்ஸ்ஃபெஸ்டெயின் கருங்கல் கோட்டையைக் கடந்து, ப்ரிக்ஸன் நிலையத்தில் இறங்கினேன். இத்தாலியர்களுக்கு இது ப்ரெஸ்ஸனோனே. பலகையில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன.

ஜூன் மாதம். ஆப்பிள் தோட்டங்களில் காய்கள் நெல்லிக்காய் அளவில் நின்றன. மலையேற வந்தவர்களுக்கு நடுவே மடிக்கணினிப் பையோடு இறங்கிய ஒரு சிறு கூட்டமும் இருந்தது. உயிரியல் ஆய்வாளர்களுக்கு மரபணு வெளிப்பாட்டுத் தரவைப் புள்ளியியல் வழியில் ஆராயக் கற்றுத்தரும் கோடைப்பள்ளி ஒன்று, மைக்ரோஅரே காலத்திலேயே தொடங்கி, இந்தச் சின்ன ஊரில் ஆண்டுதோறும் நடந்துவந்திருக்கிறது. ஹைடல்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தின் வுல்ஃப்கேங் ஹூபர் இதன் தூண்களில் ஒருவர். ஆர் என்னும் நிரல்மொழியை ஆக்லாந்தில் உருவாக்கிய இருவரில் ஒருவரும், 2001இல் பயோகண்டக்டர் என்ற மென்பொருள் திட்டத்தைத் தொடங்கியவருமான ராபர்ட் ஜென்டில்மேன், மார்ட்டின் மார்கன், வின்சென்ட் கேரி, சைமன் ஆண்டர்ஸ், மைக்கேல் லவ் என்று இங்கே கற்பித்தவர்களின் வரிசை நீளமானது. இத்துறையில் உலகம் முழுக்க ஆய்வாளர்கள் தினமும் இயக்கும் மென்பொருள்களை எழுதிய கைகள் இவை.

நான் ஊரில் உயிரியல் ஆய்வு மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லித்தருகிறவன். ஒரு கேள்வியோடுதான் வந்தேன். இந்தப் பள்ளியின் பாடங்கள், நிரல்கள், பயிற்சித் தரவு எல்லாமே பொதுவில் இலவசமாகக் கிடைக்கின்றன. சூசன் ஹோம்ஸும் ஹூபரும் சேர்ந்து எழுதி 2019இல் வெளியான நவீன உயிரியலுக்கான புள்ளியியல் நூலையும் யாரும் காசில்லாமல் இணையத்தில் படிக்கலாம். பிறகு எதற்காக இத்தனை பேர் கடல்தாண்டி, மலைதாண்டி வருகிறார்கள்? இங்கே மட்டும் கிடைக்கும் பொருள் எது?

மரபணு வெளிப்பாடு என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் உடலின் உயிரணுக்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும் மரபணுத் தொகுதி ஒன்றுதான். ஈரல் உயிரணு ஈரலாகவும் நரம்பு உயிரணு நரம்பாகவும் இருப்பது, எந்த மரபணு எந்த அளவுக்கு ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. அந்த அளவுதான் வெளிப்பாடு. 1995இல் ஸ்டான்ஃபோர்டில் பாட்ரிக் பிரவுன், ரொனால்ட் டேவிஸ் குழுவினர் அராபிடாப்சிஸ் செடியின் 45 மரபணுக்களை மைக்ரோஅரே என்னும் கண்ணாடி வில்லையில் பதித்து ஒரே வேளையில் அளந்து காட்டினார்கள். இன்றைய ஆர்.என்.ஏ. வரிசைப்படுத்தல் மனிதனின் புரத மரபணுக்கள் ஏறத்தாழ 20,000ஐயும் ஒரே ஓட்டத்தில் எண்ணித்தந்துவிடுகிறது.

சிக்கலும் அங்கேதான் பிறக்கிறது. அளக்கும் மரபணுக்கள் இருபதாயிரம். அளக்கப்படும் எலிகளோ நோயாளிகளோ ஆறு, எட்டு, பத்து. உண்மையில் எந்த வேறுபாடுமே இல்லாத இரண்டு குழுக்களை எடுத்து, ஒவ்வொரு மரபணுவையும் 0.05 என்ற பழைய வரம்பில் சோதித்தால், ஏறத்தாழ ஆயிரம் மரபணுக்கள் வேறுபட்டவையாக வந்து நிற்கும். ஆயிரமும் பொய். ஸ்டான்ஃபோர்டின் வில்லை வந்த அதே 1995இல் டெல் அவீவ் பல்கலைக்கழகத்தின் யோவ் பெஞ்சமினியும் யோசெஃப் ஹோக்பெர்கும் பொய்க் கண்டுபிடிப்பு வீதம் என்ற கருத்தை வெளியிட்டார்கள். பட்டியலில் ஒரு பொய்கூட இருக்கக்கூடாது என்று பிடிவாதம் பிடிக்காமல், பட்டியலில் எத்தனை பங்கு பொய்யாக இருக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு கட்டும் வழி அது. இரண்டும் ஒரே ஆண்டில் பிறந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்ப்பு உண்டாகிறது.

காலையில் விரிவுரை, பிற்பகலில் பயிற்சி. பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது இத்துறையில் எல்லோருக்கும் பழக்கமான ஒரு தரவு: மூச்சுக்குழலின் மென்தசை உயிரணுக்கள். நான்கு பேரிடமிருந்து வந்த உயிரணுக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பங்குக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஆஸ்துமா மருந்துவகை ஸ்டீராய்டு, ஒரு பங்குக்கு எதுவுமில்லை. மொத்தம் எட்டு மாதிரிகள். 2014இல் வெளியான ஆய்வு. நான்கு பேரும் பிறவியிலேயே வேறுபட்டவர்கள் என்பதால், மருந்தின் விளைவை ஒவ்வொருவருக்கும் உள்ளேயே வைத்து ஒப்பிட வேண்டும். கணினியில் இது ஒரே ஒரு சொல்லைச் சூத்திரத்தில் சேர்க்கும் வேலை. அந்தச் சொல்லை விட்டுவிட்டு ஒருமுறையும் சேர்த்து ஒருமுறையும் ஓடவிடச் சொன்னார்கள். விட்டால், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு இரைச்சலாகக் கலந்து மருந்தின் குரலை அமுக்குகிறது. சேர்த்தால் பட்டியல் நீள்கிறது. எஃப்கேபிபி5 போன்ற, ஸ்டீராய்டுக்குத் துள்ளி எழும் மரபணுக்கள் மேலே வருகின்றன. பாடம் சொன்னவர் அந்த இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. கற்பவர்கள் தாமே பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அடுத்து வந்ததுதான் இந்தத் துறையின் மிக அழகான எண்ணம் என்பேன். மூன்று மாதிரிகளிலிருந்து ஒரு மரபணுவின் சிதறலைக் கணக்கிட்டால் அந்த எண்ணை நம்ப முடியாது. மூன்று அளவுகளும் தற்செயலாக ஒட்டி வந்துவிட்டால் சிதறல் மிகக் குறைவாகத் தெரியும். அற்ப வேறுபாடுகூடப் பெரிய கண்டுபிடிப்பாக வேடம் கட்டும். ஆனால் பக்கத்தில் இன்னும் பல்லாயிரம் மரபணுக்கள் இருக்கின்றனவே! அவை எல்லாம் பொதுவாக எப்படிச் சிதறுகின்றன என்பது தெரியும். எனவே ஒவ்வொரு மரபணுவின் தனி மதிப்பீட்டையும் அந்தப் பொதுப்போக்கை நோக்கிச் சற்று இழுத்துவிடலாம். எவ்வளவு இழுப்பது என்பதையும் தரவே சொல்லும். மெல்போர்னின் கார்டன் ஸ்மித் 2004இல் மைக்ரோஅரேக்களுக்காக இதைச் செம்மையாக்கி லிம்மா என்ற மென்பொருளில் வைத்தார். ஆர்.என்.ஏ. வரிசைப்படுத்தல் வந்தபோது அளவுகள் எண்ணிக்கைகளாக மாறின. அவற்றுக்கு எதிர்மறை ஈருறுப்புப் பரவல் பொருந்தியது. 2010இல் எட்ஜ்ஆரும் ஆண்டர்ஸ்–ஹூபர் இருவரின் டிஇசெக்கும் வந்தன; 2014இல் லவ், ஹூபர், ஆண்டர்ஸ் மூவரின் டிஇசெக்2. எல்லாவற்றின் அடியிலும் ஓடுவது இதே எண்ணம்தான். புள்ளிகள் பொதுக்கோட்டை நோக்கி நகரும் அந்தப் படத்தைத் திரையில் பார்த்தபோது, ஊரில் நான் இதை வெறும் சூத்திரமாக எழுதிப் போட்டது போதாது என்று பட்டது. படம்தான் முதலில் வர வேண்டும்.

லிஸ்பனிலிருந்து வந்த ஓர் ஆய்வு மாணவி பிற்பகல்களில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எலியின் ஈரலில் ஒரு சேர்மத்தின் விளைவு அவர் ஆய்வு. சொந்தத் தரவையே கொண்டுவந்திருந்தார்: எட்டு மாதிரிகள், நான்கு கட்டுப்பாடு, நான்கு மருந்து. ஒத்த மாதிரிகளை அருகருகே காட்டும் முதன்மைக் கூறு பகுப்பாய்வில் எட்டுப் புள்ளிகளும் இரண்டு கொத்துகளாக அழகாகப் பிரிந்தன. முகம் மலர்ந்தது. பயிற்றுநர் ஒருவர் வந்து குனிந்து பார்த்தார். மருந்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“ஆர்.என்.ஏ.வை எந்தத் தேதியில் பிரித்தெடுத்தீர்கள்?”

குறிப்பேட்டைப் புரட்டினார். கட்டுப்பாட்டு எலிகள் நான்கும் ஒரு வாரம். மருந்துக் குழு நான்கும் அடுத்த வாரம். வேறு கிட், வேறு கை.

“நிறத்தை மருந்துக்குப் பதிலாகத் தேதிக்குக் கொடுங்கள்.”

அதே படம்தான் வந்தது. ஒரு புள்ளிகூட நிறம் மாறவில்லை. அந்தப் பிரிவு மருந்தினாலா, வாரத்தினாலா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இரண்டும் முழுக்கப் பின்னிக்கிடக்கும்போது எந்தச் சூத்திரத்தாலும் பிரித்தெடுக்க இயலாது. தகவல் அந்தத் தரவிலேயே இல்லை. பயிற்றுநர் அதை மெதுவாக, ஆனால் மழுப்பாமல் சொன்னார். ஆறுதலுக்காக ஒரு திருத்தக் கட்டளையைக் காட்டிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு வந்த நேரம் அது.

பெரிய ஆய்வுக்குழுக்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது என்று மறுநாள் வகுப்பில் காட்டினார்கள். 2007இல் நேச்சர் ஜெனட்டிக்ஸ் இதழில், ஐரோப்பிய வம்சாவளியினருக்கும் ஆசியருக்கும் இடையே ஆராய்ந்த மரபணுக்களில் கால்பங்கு வெளிப்பாட்டில் வேறுபடுவதாக ஒரு கட்டுரை வந்தது. அதே ஆண்டில் ஜோஷுவா ஏக்கியும் சகாக்களும் தரவைத் திறந்து பார்த்தார்கள். ஐரோப்பியரின் மாதிரிகள் பெரும்பாலும் 2003, 2004இல் ஓட்டப்பட்டவை. ஆசியருடையவை 2005, 2006இல். இனமும் ஆண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. மனித இனங்களைப் பற்றிய ஒரு பெரிய கூற்று ஆய்வகத்தின் நாட்காட்டியில் போய் முட்டிக்கொண்டது. இத்தகைய பேட்ச் விளைவைக் கண்டுபிடிக்கும் பழக்கம் வராத வரைக்கும் மரபணு வெளிப்பாட்டு ஆய்வைத் தொடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்த இடத்தில் திரையில் ஆர்.ஏ. ஃபிஷரின் படம் வந்தது. சோதனை முடிந்தபின் புள்ளியியலாளரைத் தேடிவருவது பிணப்பரிசோதனைக்கு அழைப்பதுபோல என்ற கருத்தை அவர் 1938இல் சொன்னார். சொன்ன இடம் கல்கத்தா: முதலாவது இந்தியப் புள்ளியியல் மாநாட்டின் தலைமையுரை. ஆல்ப்ஸ் மலையில் உட்கார்ந்து கல்கத்தாவில் சொன்னதைக் கேட்டேன். எங்கள் வாசலில் வைத்துச் சொன்ன சொல் எங்கள் ஆய்வகங்களில் இன்னும் போதிய அளவு கேட்கவில்லை என்ற வருத்தம் அன்று முழுவதும் விலகவில்லை.

மாலை வெளிச்சம் ஒன்பதரை மணிவரை நீடிக்கிறது. பேராலயத்தை ஒட்டிய நடைமுற்றத்துக்குப் போயிருந்தேன். வளைவுக் கூரை முழுக்கச் சுவரோவியங்கள். பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியத்தில் ஒரு யானை. எங்கள் ஊர்க் குழந்தை பார்த்தால் யானை என்று ஒத்துக்கொள்ளாது. குதிரைக்குத் தும்பிக்கை வைத்த உருவம். வரைந்தவர் யானையைக் கண்ணால் கண்டதில்லை. தெரிந்த உருவத்தின்மேல் கேள்விப்பட்டதை ஒட்டவைத்துவிட்டார். பிறகு 1551இன் குளிர்காலத்தில் உண்மையான யானையே இவ்வூருக்கு வந்தது. போர்ச்சுக்கல் மன்னர் மூன்றாம் ஜான், ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியனுக்கு அனுப்பிய கீழ்த்திசை யானை, சுலைமான். பிரெனரைத் தாண்டி வியன்னா போகும் வழியில் இங்கே இரண்டு வாரம்போலத் தங்கியது. தங்கிய விடுதிக்கு அதன் பெயரே வந்தது. இன்றும் அது யானை விடுதிதான். லிஸ்பன்காரரிடம் அந்த யானை புறப்பட்டது அவருடைய ஊரிலிருந்து என்று சொன்னேன். மறுநாள் அவரும் போய்ச் சுவரோவியத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

இரவு உணவுமேசைகளில் அதிகம் அடிபட்டது டியூக் பல்கலைக்கழக விவகாரம். நோயாளியின் கட்டியில் மரபணு வெளிப்பாட்டை அளந்து எந்தப் புற்றுநோய் மருந்து வேலைசெய்யும் என்று முன்கூட்டியே சொல்லலாம் என்ற கட்டுரை 2006இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் புள்ளியியலாளர்கள் கீத் பேகர்லியும் கெவின் கூம்ப்ஸும் அதைத் தாமே செய்துபார்க்க முயன்றார்கள். கணக்கு வரவேயில்லை. தோண்டியபோது, மரபணுப் பட்டியல் ஒரு வரிசை தள்ளி நின்றது தெரிந்தது. மருந்துக்கு அடங்குபவை, அடங்காதவை என்ற குறிகள் சில இடங்களில் தலைகீழாகியிருந்தன. இதற்கிடையில் அந்தக் கணிப்பை வைத்து உண்மையான நோயாளிகளுக்கு மருந்து ஒதுக்கும் சோதனைகளே தொடங்கிவிட்டிருந்தன. இருவரும் 2009இல் எல்லாவற்றையும் ஒரு புள்ளியியல் இதழில் வெளியிட்டார்கள். 2010இல் சோதனைகள் நிறுத்தப்பட்டன. 2011இல் அந்தக் கட்டுரை திரும்பப்பெறப்பட்டது.

ஒரு வரிசை தள்ளிப்போன பட்டியல். மறுபக்கம், தனக்குக் கொடுப்பதே சரியான மருந்து என்று நம்பிக் கையெழுத்திட்ட நோயாளி. இதை உணவு மேசையில் கேட்டபின், ஒவ்வொரு பயிற்சியையும் ஆர் மார்க்டவுனில் எழுதி, தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே சொடுக்கில் மீண்டும் ஓட வேண்டும் என்று இவர்கள் வற்புறுத்துவதன் காரணம் யாருக்கும் விளக்கத் தேவையில்லாமல் போயிற்று. எக்செல் தாளில் கையால் வெட்டி ஒட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. செப்2, மார்ச்1 என்றிருந்த மரபணுப் பெயர்களை அந்த மென்பொருள் தேதிகளாக மாற்றிவந்தது. எக்செல் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016இல் கண்டார்கள். கடைசியில் 2020இல் மனித மரபணுப் பெயரிடும் குழு அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவைத்தது.

ஓய்வான ஒரு பிற்பகலில் தெற்கே போல்சானோவுக்கு ரயிலேறினேன். அங்கேதான் ஓட்சி இருக்கிறார். 1991இல் பனியாற்றில் கிடைத்த, ஏறத்தாழ 5,300 ஆண்டு பழைய மனிதர். மைனஸ் 6 டிகிரி அறையில் சிறு சன்னல் வழியாகப் பார்க்கலாம். அவருடைய டி.என்.ஏ. முழுவதையும் படித்துவிட்டார்கள். கண்ணின் நிறம் தெரியும், ரத்தவகை தெரியும். ஆனால் அம்பு தைத்து அவர் இறந்த நேரத்தில் அவர் உயிரணுக்களில் எந்த மரபணுக்கள் எழுந்து எவை அடங்கின என்பது பெரும்பாலும் அழிந்துவிட்டது. சில குட்டி ஆர்.என்.ஏ. துணுக்குகளை மட்டும் 2017இல் மீட்டார்கள். நாம் அளக்கும் பொருள் அவ்வளவு நிலையற்றது. எடுத்த வேளை, எடுத்தவர் கை, உறைவிக்கப் பிடித்த நிமிடங்கள் எல்லாமே அதில் தழும்பாக விழும். ஈரலில் நாள்முழுவதும் ஏறி இறங்கும் மரபணுக்களே ஏராளம். காலையில் எடுத்த ஈரலும் மாலையில் எடுத்த ஈரலும் மருந்தே இல்லாமல் வேறுபடும். திரும்பும் ரயிலில் இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

என் கேள்விக்கு வருகிறேன். கட்டளைகள் எங்கும் கிடைக்கும். இங்கே கிடைப்பது, தேர்ந்த ஒருவர் முன்பின் தெரியாத தரவின் முன் உட்கார்ந்து எதை முதலில் பார்க்கிறார், எதைச் சந்தேகிக்கிறார், எங்கே நிறுத்திக்கொள்கிறார் என்பதைப் பக்கத்திலிருந்து காணும் வாய்ப்பு. மென்பொருளை எழுதியவரே, இந்தத் தரவுக்கு என் மென்பொருள் பொருந்தாது என்று சொல்வதை அங்கே கேட்டேன். கையேட்டில் இந்த வாக்கியத்தை எழுதிவைக்க முடியாது. தரவைப் பார்த்த பிறகே அது பிறக்கிறது. சங்கீதம் கற்பவன் குருவின் எதிரில் உட்கார வேண்டியிருப்பதுபோலத்தான் இதுவும்.

நம் நாட்டுப் பயிலரங்குகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். இரண்டு நாளில் பதினைந்து மென்பொருள். கட்டளையை ஒட்டு, என்டர் தட்டு, எரிமலை வடிவப் படம் வந்ததா, சான்றிதழ் வாங்கிக்கொள். சோதனை வடிவமைப்புக்கு அரைமணி நேரம், அதுவும் உணவுக்குப் பிறகு. வருகிற மாணவர்களின் அறிவிலோ உழைப்பிலோ எந்தக் குறையும் இல்லை. நாம் கொடுக்கும் பாடத்தின் வரிசைதான் தலைகீழ். முதல் நாள் முழுவதையும் வடிவமைப்புக்கே கொடுக்க வேண்டும். கெட்டுப்போன தரவையும் வகுப்பில் வைக்க வேண்டும். சுத்தம் செய்து பளபளவென்று கொடுத்த தரவில் யாரும் சந்தேகிக்கக் கற்பதில்லை. வருகிறவர் ஒவ்வொருவரும் சொந்தத் தரவையோ சொந்தத் திட்டத்தையோ கொண்டுவர வேண்டும். இருபது பேருக்கு மேல் சேர்க்கவே கூடாது.

கடைசிப் பிற்பகலில் ஒவ்வொருவரும் தம் அடுத்த சோதனையைத் தாளில் வரைந்து காட்ட வேண்டும். லிஸ்பன் மாணவி பெரிய தாளாக வாங்கிக்கொண்டார். பழைய தரவைக் கைவிட முடிவுசெய்திருந்தார். ஆனால் பணம் அதேதான், கூடுதலாக ஒரு யூரோவும் இல்லை. எத்தனை எலிகள் என்று என்னைக் கேட்டார். டண்டீ குழுவினர் 2016இல் வெளியிட்ட ஈஸ்ட் ஆய்வை எடுத்துவைத்தோம். ஒவ்வொரு குழுவிலும் 48 மாதிரிகள் வரை ஓட்டி, மூன்று மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று பார்த்தவர்கள் அவர்கள். மூன்று மாதிரிகளில், முழுத்தரவு காட்டிய மரபணுக்களில் பெரும்பாலான கருவிகள் 20 முதல் 40 விழுக்காட்டைத்தான் பிடித்தன. குறைந்தது ஆறு வேண்டும் என்பது அவர்கள் பரிந்துரை.

“ஆறுக்குப் பணம் எங்கே?” என்றார்.

“ஒவ்வொரு மாதிரியையும் எத்தனை ஆழம் படிக்கிறீர்கள்?”

அவர் திட்டமிட்டிருந்த ஆழம், அதாவது ஒவ்வொரு மாதிரியிலும் படிக்கும் ஆர்.என்.ஏ. துணுக்குகளின் எண்ணிக்கை, தேவைக்கு மிக அதிகம். ஓரளவுக்கு மேல் ஆழம் கூட்டுவதைவிட மாதிரியைக் கூட்டுவதே அதிகம் பலன் தரும் என்பது இத்துறையில் நிலைபெற்ற முடிவு. ஆழத்தைப் பாதியாக்கினார், நான்கு எலிகள் ஆறாயின. தாளில் மூன்று கட்டங்கள் வரைந்தார், மூன்று நாள்கள். ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கட்டுப்பாடு, இரண்டு மருந்து. நான்கு ஈரலையும் காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஓரத்தில் எழுதினார். ஒரே கிட், ஒரே கை. பயிற்றுநர் வந்து பார்த்துவிட்டு, ஒவ்வொரு நாளும் நான்கில் எதை முதலில் எடுப்பீர்கள் என்று மட்டும் கேட்டார். அதையும் மாணவி, சீட்டுக் குலுக்குவதுபோல வரிசை தரும் ஆரின் சாம்பிள் கட்டளையிடம் விட்டார். வந்த வரிசையைக் கட்டங்களில் நிரப்பி, அதே குலுக்கலை மீண்டும் பெற உதவும் விதை எண்ணையும் பக்கத்தில் குறித்து, தாளைப் படமெடுத்துத் தன் ஆய்வகத்துக்கு அனுப்பினார்.